கிழியாத துண்டு

அய்யாத்துரை போட்ட புது வீரிய ஒட்டுப் பருத்தி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. செடிக்கு முந்நூறு காய் பிடித்தது. அந்தப் பருத்தி நூலில் நெய்த துண்டு ஒன்றை விதைக் கம்பெனிக்காரர்கள் அவன் மனைவி பேச்சிக்கனிக்குக் கொடுத்திருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அது கிழியாது.

அன்று அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, எஞ்சின் ஓடியபடி நின்ற டிராக்டருக்குப் பின்னால் மருந்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். துண்டின் நுனி, மருந்து பம்பை ஓட்டும் டிராக்டரின் சுழலும் இரும்புத் தண்டில் சிக்கியது. பிடித்து இழுத்தாள். வேறு துண்டாக இருந்தால் கிழிந்து விட்டிருக்கும். இது அவளுடைய வலது கையைச் சுற்றி உள்ளே இழுத்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் அய்யாத்துரைக்குக் கேட்டது. எஞ்சினை நிறுத்த ஓட நேரமில்லை. அரிவாளால் துண்டை ஓங்கி வெட்டினான். ஓர் இழைகூட அறவில்லை. அவள் தலை தண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கைய வெட்டுங்க," என்றாள்.

முழங்கைக்குக் கீழே இரண்டு முறை வெட்டினான்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளையாக வெடித்து நின்ற பருத்தியை உழுது அழிக்க டிராக்டரை விட்டான். பஞ்சு கலப்பையில் சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றுபோனது. இறங்கிக் கையால் பிடுங்கினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது, வேர் அசையவில்லை.

"விடுங்க," என்றாள் வரப்பில் நின்ற பேச்சிக்கனி. "என்னதான் வளந்தாலும் பஞ்சுதான. எரியும்."

இடது கையால் தீப்பெட்டியை நீட்டினாள்.

"பெட்டிய நீங்க பிடிச்சுக்கோங்க. நான்தான் உரசுவேன்."