பக்கத்து ப்ளாட்டின் களை

சர்வேயர் டேப்பின் நுனியை என் கையில் கொடுத்து, தெருமுனையில் இருந்த மூலைக்கல் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

சந்தோஷமாகத்தான் பிடித்தேன். இந்த நாளுக்காக எத்தனை போன் செய்திருப்பேன்!

என் வீட்டுக்குப் பக்கத்து ப்ளாட் முழுக்கப் பார்த்தீனியம். இடுப்பு உயரம், வெள்ளை வெள்ளையாகப் பூ. தெலுங்கில் அதற்கு வய்யாரி பாமா என்று பெயர். ஒய்யாரக்காரியாம். என் புல்தரைக்கு அவள்தான் பிசாசு.

புல்தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயில்வேயில் ஓய்வு பெற்று, சித்தூரை விட்டு வந்து, திருப்பதியில் சந்திரகிரி ரோட்டுப் பக்கம் வீடு கட்டியதும் நான் செய்த முதல் காரியம் வாசலில் கொரியன் புல் போட்டது. தினமும் காலையில் முட்டி போட்டுக் கத்தரிக்கோலால் நறுக்குவேன். "சர்ச்சில கூட நீங்க இவ்ளோ நேரம் முட்டி போட்டதில்ல" என்பாள் என் மனைவி கேசியா. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தால், கவனிக்காததுபோல் இன்னும் கொஞ்சம் நறுக்குவேன்.

காற்றடித்தால் பக்கத்து விதை இங்கே வந்து விழும். சில நாளில் என் புல்லுக்கு நடுவே வய்யாரி பாமா தலையை ஆட்டுவாள். எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும்.

ப்ளாட் சொந்தக்காரர் பிரேமலதா, நாயுடுபேட்டையில் பள்ளி ஆசிரியை. புரோக்கரிடம் நம்பர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கூப்பிடுவேன். பாவமெல்லாம் கழுவப்பட்ட தெம்பில் சண்டை நன்றாக வரும்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. லீவு கிடைத்ததும் வருகிறேன் சார் என்பார். அது எனக்கு இன்னும் எரிச்சல். போன வாரம் மரியாதையை விட்டுவிட்டேன்.

"எடம் வாங்கத் தெரிதில்ல? அத ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாதா? எது யாரு எடம்னு அளந்து வேலி போடுங்கம்மா. இல்லன்னா முனிசிபாலிட்டில எழுதிக் குடுத்துடுவேன்."

"சரிங்க சார்" என்றார்.

சொன்னபடி சர்வேயரோடு வந்து இறங்கினார். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். பஸ்ஸில் வந்ததில் சேலையெல்லாம் கசங்கியிருந்தது. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அவரை மன்னிக்கத் தயாராக நின்றேன்.

சர்வேயர் டேப்பை இழுத்துக்கொண்டே போனார். என் காம்பவுண்டுச் சுவருக்கு வந்ததும் நின்று, சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். பிறகு கேட்டைத் திறந்து உள்ளே போய், என் புல்லின் மேலேயே நடந்து, அந்தப் பக்கத்துச் சுவரில் இன்னொரு கோடு கிழித்தார்.

புல்லை மிதிக்காதீங்க என்று கத்தினேன். அளக்க வேண்டியது அந்தச் செடி மண்டின இடம் என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் தெருவின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து மறுபடி அளந்தார். மறுபடியும் என் சுவருக்குத்தான் வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்காமல் செடிகளைப் பார்த்துச் சொன்னார்.

"சார், இதி மேடம்காரிதி. நீங்க வீடு கட்டியிருக்கீங்களே, இது மேடம் ப்ளாட்டு. உங்களுது அது."

என் வீட்டையும் அந்தச் செடிகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

வாங்கும்போது எல்லாமே வெறும் பொட்டல். எந்த ப்ளாட் என்று மேஸ்திரி கேட்டபோது, யாரையும் கேட்காமல் கையை நீட்டிக் காட்டியவன் நான். அங்கே நின்றுதான் பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தார். ஆண்டவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆக, இத்தனை நாளாக முனிசிபாலிட்டியில் எழுதிக் கொடுப்பேன் என்று நான் மிரட்டியது என்னைத்தான். என்னுடைய செடிதான் எனக்குத் தும்மல் கொடுத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அளக்கச் சொன்னவனும் நான், டேப்பைப் பிடித்தவனும் நான்.

பிரேமலதா கத்தவில்லை. கேட்டைப் பார்த்தார். ஜன்னல் திரைச்சீலைகளைப் பார்த்தார். மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி வரை மெதுவாகப் பார்த்தார்.

இரண்டு இடத்தையும் மாற்றி எழுதிக்கொள்ள அவர் பிற்பாடு சம்மதித்தார். செடியை மட்டும் நானே பிடுங்கித் தரவேண்டும் என்றார். தும்மிக்கொண்டே பிடுங்கினேன். ஆனால் அந்த வெயிலில் நின்றபோது எனக்கு அது தெரியாதே. என் வீட்டின் மேல் கடப்பாரை விழும் சத்தம்தான் காதில் கேட்டது. வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதும் இன்னொருத்தர் மண்ணில் நின்றுகொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கேசியா அடுக்களையிலிருந்து வந்தாள். வெளியே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பிரேமலதாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏம்மா வெயில்ல நின்னுக்கினு இருக்கே? உள்ள வாம்மா, காப்பி போட்டுட்டேன். கூச்சப்படாதே, உன் வீடு மாதிரி நெனச்சிக்கோ."

பிரேமலதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

வாசலில் தயங்கி நின்றது நான்தான்.