நிமிஷத்துக்கு ஒரு தடவை

கணினி போட்ட கணக்கு தப்பு.

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் திறக்கிறார்கள். கரைப் பொந்தில் நண்டுக்குப் பன்னிரண்டு குஞ்சுகள். மேலே கொண்டுபோகாவிட்டால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு மேலே? மதகு அறை ஜன்னலில் ஏறி, உள்ளே இருந்த கணினியிடம் கேட்டது நண்டு.

“மூணு பனை உயரம் வரும்,” என்றது கணினி. மறுபடி கேட்டால், “தரைக்குக் கீழே ரெண்டு அடி.”

“தரைக்குக் கீழேதான்யா நான் குடியிருக்கேன். அங்கே ஏது தண்ணி?”

ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த நத்தை கேட்டது: “எப்படிப்பா கணக்குப் போடுறே?”

“வாய்க்காலைப் பத்தடித் துண்டா வெட்டிக்குவேன். பக்கத்துத் துண்டுலேர்ந்து என்ன வந்துச்சுன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன்.”

“போன தடவை தண்ணி என்னையே அடிச்சுட்டுப் போச்சு. ஒரு நிமிஷத்துல உன் கணக்குல நாற்பது துண்டு தாண்டிட்டேன்! நீ பக்கத்துத் துண்டையே பார்த்துக்கிட்டிருந்தா கணக்கு எப்படிச் சரியா வரும்?”

“அடிக்கடி பார்த்தா நேரமாகுமே.”

“ஆகட்டும். நொடிக்கு ஒரு தடவை பாரு.”

பார்த்தது. சாயங்காலம் சொன்னது: “பொந்துக்கு மேலே ஒன்றரைச் சாண்.”

நண்டு இரண்டு சாண் மேலே புதுப் பொந்து தோண்டியது. காலையில் வந்த தண்ணீர் ஒன்றரைச் சாணில் நின்றது. பன்னிரண்டு குஞ்சும் எட்டிப் பார்த்தன.

தவளைகள் கணினியைப் புகழ்ந்து கத்தின. கணக்கைத் திருத்தியது நத்தை.