நாலாவது லேன் செருப்பு

குளிர்கால விடுமுறையில் நீச்சல் பயிற்சியாளர் தலையைப் போர்வைக்கு வெளியே நீட்டமாட்டார். போர்வை இடுக்கு வழியாகக் குளத்தோரம் கிடக்கும் செருப்புகளை எண்ணித்தான் வருகை போடுவார். இந்த ஆளை நம்பியும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்!

அங்கே பயிற்சிக்குப் போகும் அக்கா தங்கையில் மூத்தவளுக்கு அது வசதியாகப் போயிற்று. தங்கையிடம் செருப்பை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். செருப்பு தினமும் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பியது.

"ஏண்டி, தண்ணியில போட்டியா?"

"நான் ஏன் போடுறேன்? நாலாவது லேன் ஓரமா வெச்சதோட சரி. அப்புறம்க்கா, உன் வேகம் கூடியிருக்காம். சார் சொன்னாரு."

"அந்தாளு தூக்கத்துல உளறியிருப்பாரு."

அணித் தேர்வு நாளன்று மட்டும் தானே போக நினைத்தாள். அந்த அணிக்காக இரண்டு வருஷம் மாடாய் உழைத்தவள். அவசரமாக எழுந்து செருப்பைத் தேடினால், காணோம். தங்கையோ பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

வெறுங்காலோடு குளத்துக்கு ஓடினாள். செருப்பு நாலாவது லேன் ஓரம் இருந்தது. தண்ணீரில் ஆளில்லை, ஒரு அலை மட்டும் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. பயிற்சியாளர் கடிகாரத்தை அமுக்கினார்.

"சபாஷ்! நீதாம்மா முதல். அணியில சேர்த்தாச்சு" என்றார் தண்ணீரைப் பார்த்து.

"சார், நான் இங்க நிக்கிறேன்!"

அவர் அவள் பாதங்களைப் பார்த்தார்.

"செருப்பு எங்க? செருப்பு இல்லேன்னா ஆப்சென்ட். வீட்டுக்குப் போ."

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் செருப்பு இரண்டும் நனைந்து, வாசல் பக்கம் திரும்பியிருந்தன.