முட்டை டாக்டர்

"மூணு வருஷம்! நூத்தம்பது ஞாயித்துக்கிழமை! ஒரு மீன்கூடப் பிடிக்காதவருக்கு நம்ம கிளப்புல எதுக்குங்க இடம்?"

மேஜையைத் தட்டிக் கேட்டார் காண்ட்ராக்டர். எங்கள் தூண்டில் கிளப்பின் சாம்பியன்.

அவர் நீக்கச் சொன்னது கடைசி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த பல் டாக்டரை. கிளப்பில் அவருக்கு முட்டை டாக்டர் என்று பெயர். செயலாளன் என்ற முறையில் நோட்டைப் புரட்டினேன். அவர் பக்கம் முழுக்க முட்டைதான்.

எங்கள் கிளப்பில் புழு கோத்துப் பிடிக்கிற வேலையெல்லாம் கிடையாது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி நாமே கட்டிய பொய்ப் பூச்சியைத்தான் வீச வேண்டும். மாட்டிய மீனை அளந்து உடனே ஆற்றில் விட்டுவிட வேண்டும். எத்தனை பிடித்தோம் என்று அவரவரே நோட்டில் எழுத வேண்டும். அவரவர் மனசாட்சிதான் சாட்சி.

டாக்டருக்கு இதில் கொள்ளைப் பைத்தியம். எனக்குப் பல் அடைக்கும்போது, "ஒரு நிமிஷம் சார், இறகு ஒட்டிக்கிச்சான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று என்னை வாய் பிளந்தபடி விட்டுவிட்டு எழுந்து போனவர். ஞாயிறு விடிந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்.

பத்து நாளாகவே இந்தத் தீர்மானம் சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து பேருக்குத்தான் ஆற்றில் இடம். காண்ட்ராக்டரின் மச்சினன் ஒருவன் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும், இன்று காலை காண்ட்ராக்டரின் பூச்சிப் பெட்டி தண்ணீரில் விழுந்து போய்விட்டது. கூச்சமே இல்லாமல் டாக்டரிடம்தான் போய் நின்றார்.

"உங்க பெட்டியைக் குடுங்க டாக்டர்."

"என் பூச்சி உங்களுக்குச் சரிப்படாது சார்..."

"ஏன், உங்களை மாதிரியே அதுவும் மீனைக் கண்டா ஓடிடுமா? குடுங்க, ஒண்ணும் கரைஞ்சு போயிடாது!"

"அதுக்கில்ல சார், அதுல வந்து..."

பெட்டி அதற்குள் கைமாறிவிட்டது. டாக்டருக்கும் இவ்வளவு கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டேன்.

அரிசி அளவுப் பூச்சிகள். கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று காண்ட்ராக்டர் போடுவதில்லை. ஒன்றைக் குத்துமதிப்பாகக் கட்டிக்கொண்டு ஆற்றின் வளைவுக்கு அந்தப் பக்கம் போனவர், சாயங்காலம்தான் திரும்பி வந்தார். வந்ததும் பெட்டியை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டில் பெரிதாக '7' என்று எழுதினார்.

இப்போது அதே நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"டாக்டரோட பூச்சியை வச்சே இன்னிக்கு ஏழு பிடிச்சிருக்கேன். பெருசு பதினெட்டு அங்குலம்! அப்ப கோளாறு பூச்சியில இல்ல, கையில!"

கூடமே சிரித்தது.

"டாக்டர், நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் நிமிர்ந்து காண்ட்ராக்டரைப் பார்த்தார்.

"ஏழு மீனா? சந்தோஷம் சார்."

அவ்வளவுதான் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. நானும் கையைத் தூக்கினேன்.

ஆற்றுக்கு இறங்கும் கிளப் கதவின் தன் சாவியை மேஜையில் வைத்தார் டாக்டர். பூச்சிப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே வச்சுக்குங்க. இனிமே எனக்கு எதுக்கு?"

யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பூச்சியும் அவ்வளவு அழகு. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் குத்தி வைக்கப் பார்த்தேன். குத்தவில்லை. கட்டை விரலால் அழுத்தினேன். அப்போதும் குத்தவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முள்ளின் வளைவு நறுக்கப்பட்டிருந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. நாற்பது பூச்சியும் அப்படியேதான்.

வெளியே ஓடினேன். டாக்டர் தூண்டில் கழியைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்! ஒண்ணுலகூட முள்ளே இல்லையே!"

"நான்தான் சார் நறுக்கிட்டேன்" என்றார் கூச்சத்துடன். "வாரத்துல ஆறு நாள் வாயில ஊசி குத்தறதுதான் என் பொழப்பு. ஏழாவது நாளும் எதுக்கு? நான் கட்டின பூச்சியை நிஜம்னு நம்பி மீன் தண்ணிக்கு மேல வந்து கவ்வும் பாருங்க, எனக்கு அதுவே போதும்."

"அப்ப அந்த ஏழு மீன்?"

டாக்டர் கழியைக் காருக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. போன வாரம் இரண்டு மீனை நாலு என்று எழுதியவன் நான் என்பதுகூட அந்த ஆவேசத்தில் மறந்துவிட்டது.

"வாங்க உள்ள! எல்லார் முன்னாடியும் பெட்டியைக் காட்டி அந்த ஆளோட வண்டவாளத்தை வெளிய கொண்டு வர்றேன். உங்க இடமும் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்."

டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம் சார். இது தெரிஞ்சா அவமானத்துல அவர் இந்த ஆத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டார். இந்த ஆறு என் கையைவிட்டுப் போயிடுமோன்னு பத்து நாளா நான் தூங்கலை. அந்த வேதனை அவருக்கு எதுக்கு சார்?"