நாலு மணி வகுப்புக்கு முன்னால்

ஆன்லைன் வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கிறது. சாய்ந்த வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜைமேல் வரிவரியாகப் போட்டிருக்கிறது. ஹெட்செட்டில் நீல விளக்கு எரிகிறது. சத்தம் மட்டும் லேப்டாப்பிலிருந்தே வருகிறது. கணக்கு டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். அதில் உட்கார்ந்திருக்கும் கணவன் பட்டன்களைத் தட்டுகிறான். அவள் வகுப்பு எடுப்பது வெறும் பொழுதுபோக்கு என்று தன் அக்காவிடம் அவன் சொன்னதிலிருந்து, இரண்டு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. இணைப்பைத் துண்டித்து மறுபடி சேர்க்கிறான். சத்தம் எதில் கேட்க வேண்டும் என்ற பட்டியலில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுக்கிறான். அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு மைக்கை அவள் பக்கம் திருப்புகிறான். “பதிவாகுது. ஏதாவது பேசு.” அவள் குனிகிறாள். மூச்சு அவன் கன்னத்தில் படுகிறது. “ஒன்னு, ரெண்டு, மூணு. எனக்கு இன்னும் கோவம் போகல.” பதிவை ஓடவிட்டு, அந்தக் குரலை அவன் தலை குனிந்தபடி கடைசிவரை கேட்கிறான். பிறகு எழுந்து அவளை உட்காரவைக்கிறான். காதோர முடியை ஒதுக்கி ஹெட்செட்டை மாட்டிவிட்டு, மைக்கருகே குனிகிறான். “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்.” அந்தப் பதிவு அவள் காதில் ஓடி முடிகிறது. “கேக்குதா?” என்கிறான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இடது பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க.” அவன் இடது பக்கமாக வந்து குனிகிறான்.