செவ்வந்திக்கு இன்னும் ஒரு வருஷம்

“வாயைத் தொறக்குதுங்க சார். சத்தம்தான் வரமாட்டேங்குது” என்றான் நெடுமாறன்.

தலைமையாசிரியர் சிவப்பிரகாசம் அவன் மகள் செவ்வந்தியைப் பார்த்தார். ஐந்தரை வயது. நாற்காலி நுனியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். அப்பன் பின்னிவிட்ட சடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“அவங்கம்மா போயி எட்டு மாசம் ஆவுதுங்க. அதுலேர்ந்துதான்.”

ரேஷன் கார்டு நம்பரை ஒப்பிப்பதுபோலச் சொன்னான். எட்டு மாதமாகவே அவன் அப்படித்தான். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சுரங்கத்துக்கு ஷிப்டு போனான், வந்தான், சோறாக்கினான், பிள்ளைக்கு ஊட்டினான்.

மனைவி தமிழரசி உயிரோடு இருந்தவரை வீடு கலகலவென்று கிடக்கும். கணீரென்ற குரல் அவளுக்கு. பிள்ளை எதைச் சொன்னாலும் அடுப்படியிலிருந்தே அவனுக்குத் திருப்பிச் சொல்வாள். “நெலாவுக்கும் ஒரு வாய் ஊட்டணுமாம், உங்க பொண்ணு சொல்றதைக் கேளுங்க!” அவன் சிரிப்பான். அவள் போனதோடு அந்த வீட்டில் பேச்சும் போய்விட்டது.

இப்போதெல்லாம் செவ்வந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுப்பாள். முகத்தைப் பார்த்து உதட்டை அசைப்பாள். அவன் காத்திருப்பான், ஒன்றும் வராது. கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். அந்த நேரத்தில் மட்டும் அவனுக்கு நெஞ்சு வலித்தது.

வடலூரில் ஒரு டாக்டரிடமும் காட்டினான். ஊசிக்குப் பயந்து பிள்ளை அங்கே வாயே திறக்கவில்லை. தாயைத் தேடுகிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று அவர் டானிக் எழுதிக் கொடுத்தார். ஷிப்டு நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பவித்ராவோ, “எங்கிட்ட நல்லாத்தாண்ணே பேசுது!” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டுச் சொல்வாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள், பாவம் என்று விட்டுவிட்டான்.

“அதான் சார், இந்த வருசம் ஒண்ணாவது வேணாங்க. இன்னும் ஒரு வருசம் போவட்டும். குள்ளஞ்சாவடியில எங்கக்கா வூடு இருக்குது, அதுவரைக்கும் அங்க வுட்டுடறேன். மத்த புள்ளைங்க இதை ஊமைன்னு கூப்ட்டா என்னால தாங்க முடியாதுங்க.”

அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவனுக்கென்று வீட்டில் ஒரு ஜீவன் இருக்காது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் முடிவெடுத்திருந்தான்.

சிவப்பிரகாசம் பிள்ளையின் பக்கம் திரும்பினார். “உன் பேரு என்னம்மா?” என்றார் தன் கனத்த குரலில். உதடு அசைந்தது. அவர் தலையாட்டினார். சுவரிலிருந்த மிருகங்கள் படத்தைக் காட்டினார். அவள் இறங்கிப் போய் ஒவ்வொன்றாக விரலை வைத்து உதட்டை அசைத்தாள். யானையிடம் வந்தபோது வெகு நேரம் அசைத்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

நெடுமாறனுக்குச் சுருக்கென்றது. எட்டு மாதத்தில் அவனுக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

“சிரிக்காதீங்க சார். பாவம் அது.”

சிரிப்பு நின்றது. அவர் அவனையே பார்த்தார். பிறகு பிள்ளையைக் கிட்டே அழைத்து, தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் அப்பனைக் கையால் காட்டி உதட்டை அசைத்தாள். அவர் முகம் மாறிவிட்டது.

“நீங்க மைன்ஸ்ல எந்தப் பக்கம் வேலை?”

“கன்வேயர் மோட்டார்கிட்டங்க. கான்ட்ராக்ட்ல பதினாலு வருசம். அந்த இரைச்சல்ல பக்கத்துல நிக்கிறவன் தொண்டை கிழிய கத்துனாத்தான் உண்டு.”

அவர் ஒன்றாம் வகுப்பு அட்மிஷன் பாரத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். நெடுமாறன் பதறிப்போய் எழுந்தான்.

“இப்ப வேணாம் சார். மொதல்ல அதுக்குப் பேச்சு வரட்டும்.”

சிவப்பிரகாசம் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவன் தோளில் கை போட்டு, குனிந்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“பாப்பா வந்ததுலேருந்து பேசிக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்குத்தான் காது கேக்கல.”