நூறு வாட் பல்பு

டப்பென்று பல்பு வெடித்த சத்தம் கேட்டு ஓடிவந்த செங்கோடன், தானே அறுத்துச் செய்த மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வளர்ப்புப் பாம்பு, உடைந்த பல்பின் கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே சுருண்டு கிடந்தது. புரட்டிப் பார்த்தால் அடிவயிறு முழுக்கத் தோல் வெந்து உரிந்திருந்தது.

காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்று நான்கு வருடம் அவர் ஒதுக்கி வைத்திருந்த மகள் அபிநயா, கனடாவுக்குப் போகும்போது வேறு வழியில்லாமல் அவரிடம் விட்டுப்போன வெளிநாட்டு மலைப்பாம்பு அது. அதன் நலம் கேட்கத்தான் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். வேறு பேச்சு கிடையாது.

செங்கோடன் முப்பது வருடம் கோழிப்பண்ணை நடத்தியவர். குஞ்சுகள் பல்பை ஒட்டி அடைந்தால் குளிர்கிறது, விலகினால் சூடு அதிகம் என்று கண்ணாலேயே அறிந்தவர். மார்கழியில் பாம்பு பல்பைச் சுற்றிக் கிடக்கவே, பாவம் குளிர்கிறது என்று அறுபது வாட்டை நூறாக்கினார்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பல்பைச் சுத்திக் கம்பிவலை அடிச்சிருக்கோணுமுங்க. சூடு ஏறுனாத் தானா அணையற கருவியும் வெச்சிருக்கோணும். இது கோழிக்குஞ்சு இல்லீங்க, தோலு வெந்தாலும் வெலகத் தெரியாது. இனிப் பொழைக்காதுங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில் பாம்பின் அசைவு நின்றது. செங்கோடன் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது.

"பாம்பு எப்படி இருக்கு?" என்றாள் அபிநயா. அப்பா என்று அவள் கூப்பிடுவதில்லை.

"கதகதன்னு தூங்குது கண்ணு. அடுத்த வாரமும் மறக்காமக் கேளு."